மூன்று பேருக்கும் ஒரே மாஸ்டர் போதுமா? குரல், பியானோ, டிரம்பெட் தனி வகுப்புகள் பற்றி

கேள்வி இதுதான். சென்னை வேளச்சேரியில் ஒரு ஃபிளாட்டில் வசிக்கும் பள்ளி ஆசிரியை கேட்கிறார்: "எனக்கு 42 வயது. சின்ன வயதில் அலங்காரம் வரை கர்னாடக சங்கீதம் கற்றேன். இப்போது எங்கள் சர்ச் கொயரில் பாட ஆசை. மகளுக்கு 8 வயது, பியானோ கேட்கிறாள். மகனுக்கு 13, டிரம்பெட்தான் வேண்டும் என்று நிற்கிறான், பல்லுக்குக் கம்பி வேறு போட்டிருக்கிறது. மூன்றையும் நானே வீட்டுக்கு வந்து சொல்லித் தருகிறேன் என்கிறார் ஒரு மாஸ்டர். ஒரே வருடத்தில் பிள்ளைகளை கிரேடு 2 பாஸ் பண்ண வைத்துவிடுவாராம். சேரலாமா? என்ன வாத்தியம் வாங்குவது?"

மூன்றையும் அவரிடம் சேராதீர்கள். பியானோவுக்கு வேண்டுமானால் அவரைப் பரிசீலிக்கலாம். மற்ற இரண்டுக்கும் வேறு ஆட்களைத் தேடுங்கள். அவர் திறமை எனக்குத் தெரியாது, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மூன்றிலும் மாணவர் செய்கிற தவறு வெவ்வேறு இடங்களில் ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வெவ்வேறு அனுபவம் வேண்டும் என்பதுதான் விஷயம்.

நான் பியானோ சொல்லித் தருகிறேன். அதோடு லண்டன் வாரியங்கள் படிப்படியாக நடத்தும் கிரேடு தேர்வுக்குப் போகும் பாடகர்களுக்கும் டிரம்பெட், டிராம்போன் மாணவர்களுக்கும் பக்கவாத்தியமாகப் பியானோ வாசிப்பதும் என் வேலை. அதனால் மூன்று வகை மாணவர்களையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற வாய்ப்பு உண்டு. பியானோவில் தவறு கண்ணுக்குத் தெரியும். மணிக்கட்டு தொங்குகிறது, கட்டை விரல் விறைத்து நிற்கிறது, நாலாவது விரல் வர வேண்டிய இடத்தில் மூன்றாவது வருகிறது. கவனமுள்ள எவரும் இரண்டே நிமிடத்தில் பிடித்துவிடலாம். டிரம்பெட்டில் தவறு, உதடு வைத்து ஊதும் மவுத்பீஸுக்குப் பின்னால், உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் நடக்கிறது. வெளியே தெரிவது சத்தம் மட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டு "உதட்டை அழுத்துகிறாய்", "மூச்சு பாதியில் நிற்கிறது" என்று பிரித்துச் சொல்ல, சொல்பவர் தானே பல வருடம் ஊதியிருக்க வேண்டும். குரலில் நிலைமை இன்னும் சிக்கல். கருவியே உடம்புக்குள் இருக்கிறது. போதாததற்கு, பாடுபவர் தன் குரலைக் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் கேட்கிறார். மற்றவர்களுக்குக் கேட்பது அவருக்குக் கேட்பதே இல்லை. பதிவு செய்த தன் குரலை முதல்முறை கேட்டு முகம் சுளிக்காதவர் யார்? ஆகவே குரல் வகுப்பில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது முக்கியமாக இன்னொருவருடைய காதை.

முதலில் மகள். மூன்றில் இதுதான் சுலபம், உடனே தொடங்கலாம். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. சென்னையில் பியானோ கற்க ஆசைப்படும் பிள்ளைகளில் நிறையப் பேர் கடைசியில் கற்பது கீபோர்டு. 61 கட்டைகள், கை வைத்தால் தானே தாளம் போடும், இடது கையால் ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள், பிடித்தால் பின்னால் ஒரு குழுவே வாசிக்கும். அது தனி வாத்தியம், அதில் தவறில்லை. டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் தேர்விலேயே பியானோவுக்கு ஒரு பாடத்திட்டம், எலக்ட்ரானிக் கீபோர்டுக்கு வேறொரு பாடத்திட்டம் இருக்கிறது. கீபோர்டில் நாலு கிரேடு முடித்த பிள்ளையைப் பியானோ கிரேடுக்கு மாற்ற வேண்டும் என்று வரும் பெற்றோரிடம், இடது கையை ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்று சொல்வது யாருக்கும் சந்தோஷமான வேலை அல்ல. ஆகவே மாஸ்டரிடம் நேராகக் கேளுங்கள்: "நீங்கள் என் மகளைச் சேர்க்கப்போவது பியானோ பாடத்திட்டத்திலா, கீபோர்டு பாடத்திட்டத்திலா?" பதிலில் இழுத்தால் புரிந்துகொள்ளலாம்.

வாங்க வேண்டியது 88 கட்டைகள் உள்ள, வெயிட்டட் கீ கொண்ட டிஜிட்டல் பியானோ. யமஹா, ரோலண்ட், கேசியோ மூன்றிலும் தொடக்க நிலைக்கானவை உண்டு. வெயிட்டட் என்றால், நிஜப் பியானோவில் கட்டையை அழுத்தும்போது சுத்தியல் எழும்பிக் கம்பியில் அடிக்கிறதே, அந்தக் கனத்தை விரலுக்குத் தரும் அமைப்பு. லேசான கட்டையிலேயே பழகிய குழந்தை தேர்வு அறையில் நிஜப் பியானோ முன் உட்கார்ந்ததும் பாதி ஸ்வரம் சத்தமே எழுப்பாது. குழந்தை பயந்துவிடும். அதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்கவே கஷ்டமாக இருக்கும். நிஜப் பியானோ வாங்கலாமா என்று கேட்பீர்கள். சென்னையின் ஈரக் காற்றில் மரம் உப்பும், கம்பி துருப்பிடிக்கும், வருடத்துக்கு இரண்டு முறையாவது ட்யூனரை அழைக்க வேண்டும். எட்டு வயதுக்கு இப்போதைக்கு வேண்டாம். ஸ்வரத்தை நீட்டிக்கும் ஒரு சஸ்டெயின் பெடலும், உயரம் மாற்றக்கூடிய ஸ்டூலும் மட்டும் சேர்த்து வாங்குங்கள். முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வர வேண்டும், கால் தரையில் எட்டவில்லை என்றால் கீழே ஒரு மணை போடுங்கள். டைனிங் டேபிளில் வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தால் தோள் தூக்கியபடியே பழகிவிடும். அப்புறம் அதைத் திருத்தவே ஒரு வருடம் போகும்.

வாரம் ஒரு வகுப்பு, அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியை விட மற்ற ஆறு நாட்கள்தான் பிள்ளையை உருவாக்குகின்றன. எட்டு வயதுக்குத் தினமும் 15 முதல் 20 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதால் பயன் இல்லை, விரல்களுக்கு அப்படிப் பழகத் தெரியாது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இசை தெரிந்தவராக நடிக்கவும் வேண்டாம். மாஸ்டர் நோட்டில் என்ன எழுதியிருக்கிறாரோ அதைச் செய்தாளா என்று மட்டும் பாருங்கள். "வலது கை மட்டும், மெதுவாக, நாலு தடவை" என்று எழுதியிருந்தால் அதுதான் வேலை. நோட்டில் ஒன்றுமே எழுதாமல், "நல்லா பிராக்டிஸ் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போகிற மாஸ்டர் உங்களுக்கு வேண்டாம்.

அடுத்து மகனும் டிரம்பெட்டும். பியானோ டீச்சர் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார், பிராஸ், அதாவது டிரம்பெட் போன்ற பித்தளை ஊதுவாத்தியங்கள், சொல்லித் தருபவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கே தேடுவது என்று பின்னால் வருகிறேன். முதலில் பல்.

கம்பி போட்டிருந்தால் டிரம்பெட் ஊதவே முடியாது என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை, ஊதுகிற பிள்ளைகள் உண்டு. ஆனால் டிரம்பெட்டின் மவுத்பீஸ் சின்னது, அதை உதட்டில் வைத்து அழுத்தினால் உதட்டின் உள்பக்கம் கம்பியில் பட்டுப் புண்ணாகும். மேல் ஸ்வரம் வராதபோது அழுத்திப் பிடிப்பது எல்லாத் தொடக்கக்காரருக்கும் வருகிற கெட்ட பழக்கம். கம்பி போட்டவனுக்கு அந்தப் பழக்கம் உடனே வலிக்கும். ஒரு வகையில் நல்லதுதான், அழுத்தாமல் ஊதக் கற்றுக்கொள்வான். பல் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கம்பி இன்னும் எத்தனை மாதம், மேலே ஒட்டிக்கொள்ள மெழுகு தருவாரா. ஆறு மாதத்துக்குள் கழற்றிவிடுவார் என்றால், இப்போதே கீழ் ஸ்வரங்களில் மட்டும், ஐந்து ஐந்து நிமிடமாகத் தொடங்கலாம். கழற்றிய பிறகு உதடு புதிதாக இடம் தேடும், சில வாரங்கள் பின்னால் போனது போலத் தோன்றும், அதற்குத் தயாராக இருங்கள். இரண்டு வருடம் ஆகும் என்றால் என் யோசனை வேறு. டிரம்பெட்டை விடப் பெரிய பித்தளை வாத்தியங்களான டிராம்போன் அல்லது யூஃபோனியத்தில் தொடங்கட்டும். அவற்றின் மவுத்பீஸ் பெரியது, அழுத்தம் பரவலாக விழும், கம்பியோடு ஊதுவது அவ்வளவு சிரமம் இல்லை. மூச்சும் உதடும் காதும் அங்கே பழகிவிட்டால் பிற்பாடு டிரம்பெட்டுக்கு வரலாம். பையன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். ஒரு நாள் யூஃபோனியத்தைக் கையில் கொடுத்து ஊதச் சொல்லிப் பாருங்கள், அதன் சத்தத்தில் மயங்கினாலும் மயங்குவான்.

டிரம்பெட் ஏன் கஷ்டம் என்று அவனுக்கும் புரிய வேண்டும். மூன்றே வால்வுகள். நடு வால்வை அழுத்தினால் அரை ஸ்வரம் இறங்கும், முதல் வால்வு ஒரு ஸ்வரம், மூன்றாவது ஒன்றரை. எதையும் அழுத்தாமல் ஊதினாலே கீழ் சி, ஜி, மேல் சி, இ, ஜி என்று பல ஸ்வரங்கள் ஒரே விரல் நிலையில் வரும். எது வர வேண்டும் என்று முடிவு செய்வது உதடும் மூச்சும். பியானோவில் கட்டையைத் தொட்டால் அந்த ஸ்வரம் வந்தே தீரும். இங்கே மனத்துக்குள் ஸ்வரம் முன்கூட்டியே கேட்கவில்லை என்றால் உதடு வேறு எங்கேயோ போய் விழும். அதனால்தான் நல்ல பிராஸ் ஆசிரியர்கள் முதலில் பாடச் சொல்வார்கள், அப்புறம் வெறும் மவுத்பீஸில் உதட்டை அதிரச் சொல்வார்கள், கடைசியில்தான் வாத்தியம். முதல் வகுப்பிலேயே சினிமாப் பாட்டுக்கு விரல் சொல்லித் தருபவர் பையனைச் சந்தோஷப்படுத்துவார், அவ்வளவுதான். 13 வயதில் குரல் உடையும் காலம் வேறு. பாடச் சொல்லும்போது வெட்கப்படுவான், அதே ஸ்வரத்தைக் கீழ் ஸ்தாயியில் பாடினால் போதும்.

பயிற்சி நேரமும் வேறு மாதிரி. உதடு தசை, களைத்த பிறகு ஊதினால் கெட்ட பழக்கம்தான் பதியும். எவ்வளவு நேரம் ஊதினானோ அவ்வளவு நேரம் ஓய்வு என்பது பிராஸ்காரர்கள் எல்லோரும் சொல்லும் விதி. பத்து நிமிடம் காலை, பத்து நிமிடம் மாலை என்று பிரித்தால் நல்லது. அதில் பாதி நேரம் நீள ஸ்வரம்: ஒரே ஸ்வரத்தை ஆடாமல், ஒரே கனத்தில் நிறுத்துவது. கேட்பவருக்கு அலுப்பாக இருக்கும். அதைத் தவிர்த்துவிட்டு முன்னேறிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயம், அண்ணனும் தங்கையும் சேர்ந்து வாசிக்க ஆசைப்படுவார்கள். சாதாரண டிரம்பெட் பி ஃபிளாட் வாத்தியம். அவன் தாளில் சி என்று பார்த்து ஊதினால் பியானோவில் பி ஃபிளாட் கேட்கும். உங்கள் கர்னாடகச் சுருதிக் கணக்கில், அவனுடைய சி ஒரு கட்டை அல்ல, ஆறரைக் கட்டை. இதைத் தெரியாமல் இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் பார்த்து வாசித்து, வீடே அலறி, "நீதான் தப்பு" என்று சண்டை போடுவார்கள். தங்கை ஒரு ஸ்வரம் இறக்கி வாசிக்க வேண்டும், அல்லது அண்ணன் ஒரு ஸ்வரம் ஏற்றி ஊத வேண்டும். இதை இரண்டு ஆசிரியர்களில் ஒருவராவது முதல் மாதமே விளக்க வேண்டும்.

சரி, ஆள் எங்கே கிடைப்பார்? இரட்சணிய சேனையின் பித்தளை பேண்டுகள் முதல் இடம். அந்த அமைப்பின் பேண்டு மரபு இங்கிலாந்தில் 1878-இல் ஒரு குடும்பம் வாசித்ததில் தொடங்கியது. இந்தியாவுக்கு அந்த அமைப்பு 1882-இல் வந்தது. நாகர்கோவில் பக்கம் அவர்களுக்கு ஆழமான வேர் உண்டு, அங்கிருந்து சென்னைக்கு வந்து குடியேறியவர்களில் நன்றாக ஊதுபவர்கள் இருப்பார்கள். இரண்டாவது, ராணுவ பேண்டு, போலீஸ் பேண்டு ஓய்வுபெற்றவர்கள். ராணுவ பேண்டுக்காரர்களுக்கு மத்தியப் பிரதேசத்தில் பச்மடியில் இசைப் பயிற்சிப் பிரிவே இருக்கிறது. அங்கே படித்தவர்களுக்கு ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு, தண்ணீர் பட்ட பாடு. மூன்றாவது, சினிமா ரெக்கார்டிங்கில் ஊதுபவர்கள். அவர்கள் திறமையில் சந்தேகமே இல்லை, நேரம் ஒதுக்குவதுதான் பிரச்சினை. நான்காவது, கல்யாண பேண்டு செட். இதைக் கேட்டு மூக்கைச் சுளிக்காதீர்கள். வெயிலில் நடந்துகொண்டே மணிக்கணக்கில் ஊதுகிறவரின் மூச்சும் உதடும் சாதாரணம் இல்லை. அவர்களில் பலர் காதால் கேட்டுப் பழகியவர்கள் என்பதால், தேர்வு எழுத வேண்டும் என்றால் தாள் பார்த்து வாசிக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேற்கத்திய வாத்தியத்தைத் தனி வகுப்பு வைத்துக் கற்பது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் மணலியில் இருந்த காலத்தில், ஊர்ப் பெரிய மனிதரான மணலி முதலியார் ஓர் ஐரோப்பியரை அமர்த்தி, தம்பி பாலுசுவாமிக்கு வயலின் சொல்லித்தர ஏற்பாடு செய்தார். கர்னாடக இசைக்குள் வயலின் நுழைந்த வழிகளில் அது முக்கியமான ஒன்று. கோட்டையில் ஒலித்த பேண்டு மெட்டுகளைக் கேட்ட தீட்சிதர், அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்து நோட்டுஸ்வரங்கள் ஆக்கினார். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டும் அதில் சேர்த்தி. உங்கள் மகன் அந்த நோட்டுஸ்வரங்களை டிரம்பெட்டில் ஊதிப் பார்க்கலாம், எளிமையானவை, அழகாக உட்காரும்.

டிரம்பெட் வாங்கும் விஷயத்தில் அவசரம் வேண்டாம். நாட்டின் பேண்டு வாத்தியங்களில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்து மீரட்டில் செய்யப்படுகிறது. விலை குறைவு, ஆனால் ஒன்று போல ஒன்று இருக்காது. வால்வு சீராக ஏறி இறங்குகிறதா, சுருதி ஓடுகிறதா என்று ஆசிரியரே ஊதிப் பார்த்து எடுத்துத் தந்தால் தாராளமாக வாங்கலாம். நீங்களாக ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. பணம் இருந்தால் யமஹாவின் மாணவர் மாடல், பழையதாகக் கிடைத்தாலும் பரவாயில்லை. கூடவே வால்வு எண்ணெய் ஒரு புட்டி. மாதம் ஒரு முறை வெதுவெதுப்பான நீரில் கழுவ வேண்டும், கொதிக்கும் நீர் ஊற்றினால் மேல் பூச்சு போய்விடும். மவுத்பீஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் வீட்டில் இருக்கும் ப்ளையரை எடுக்காதீர்கள், குழாய் முறுக்கிக்கொள்ளும். அதைக் கழற்றத் தனிக் கருவி உண்டு, கடைக்கு எடுத்துப் போங்கள்.

இப்போது நீங்கள். 42 வயதில் தொடங்கலாமா என்ற கேள்வியை நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் வரிகளுக்கு நடுவே இருக்கிறது. குரலுக்கு 42 நல்ல வயது. உங்கள் சிக்கல் வயதில் இல்லை, வேலையில் இருக்கிறது. ஐந்து நாள் வகுப்பறையில் கத்திவிட்டு மாலை ஏழு மணிக்குப் பாட்டு வகுப்பு வைத்தால், களைத்த குரலில் பாடத்தான் கற்றுக்கொள்வீர்கள். சனிக்கிழமை காலை வையுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியபடியே இருந்தால் பாட்டு வாத்தியாரிடம் போகாமல் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல் நாண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களுக்கு அதில் சிறு முடிச்சு விழுவது சகஜம். மிளகு, கற்கண்டு, அதிமதுரம் எல்லாம் தொண்டைக்கு இதம், ஆனால் விழுங்குகிற எதுவும் குரல் நாண் மீது படுவதில்லை, அது போகிற குழாய் வேறு. குரல் நாணுக்கு உதவுவது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும் தண்ணீர், ஆவி, தூக்கம். வகுப்பறையில் ஒரு சின்ன மைக் வைத்துக்கொண்டால் அதுவும் பெரிய உதவி.

கர்னாடக சங்கீதம் கற்றது வீண் இல்லை. சுருதியில் நிற்கும் காதும், ஸ்வரத்தைச் சொல்லிப் பாடும் பழக்கமும் உங்களிடம் இருக்கின்றன. மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்று. கர்னாடகத்தில் உங்களுக்கு வசதியான கட்டையை நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள், பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை. கொயரில் யாரும் உங்கள் கட்டையைக் கேட்க மாட்டார்கள். கீதம் எழுதப்பட்ட சுருதியில்தான் எல்லோரும் பாட வேண்டும், நீங்கள் தேர்ந்தெடுக்க முடிவது பகுதியை மட்டும், மேல் குரலான சோப்ரானோவா, அதற்குக் கீழே வரும் ஆல்டோவா என்று. நம் ஊர்ப் பெண்கள் பெரும்பாலும் பேசும் குரலையே மேலே மேலே இழுத்துப் பாடிப் பழகியவர்கள். மெல்லிய தலைக்குரலுக்கு மாறுவது அவர்களுக்குப் பொய்க்குரல் போலத் தோன்றும், கூச்சமாக இருக்கும். மேற்கத்திய கொயருக்கு அந்த மாற்றம்தான் முதல் பாடம். எந்த இடத்தில் குரல் உடைகிறதோ அந்த இடத்தை மறைக்காமல், அதைச் சுற்றியே மெதுவாகப் பாட வைக்கும் ஆசிரியரைத் தேடுங்கள். உதட்டைப் படபடவென்று அதிரவிட்டுப் பாடுவது, ஸ்ட்ராவுக்குள் பாடுவது என்று சில பயிற்சிகள் தருவார். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் குரல் நாண்களைப் பலமாக மோதவிடாமல் இதமாக அதிரவைக்கும். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். முதல் மாதத்திலேயே "நீங்க சோப்ரானோ" என்று முத்திரை குத்துகிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். அதற்குச் சில மாதங்கள் ஆகும். ஆல்டோ பாடுவதற்கு, பக்கத்தில் மெட்டுப் பாடுகிறவர் இழுத்துக்கொண்டு போகாமல் தன் வரியில் நிற்கும் காது வேண்டும். வீட்டில் மகளின் பியானோவில் ஆல்டோ வரியைத் தனியாக வாசித்துக் கேட்டுப் பழகுங்கள்.

கொஞ்ச காலம் போன பிறகு நல்ல கொயர் ஒன்றைக் கேட்டு வாருங்கள். 1893-இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனின் கொயர் இன்றும் இந்த ஊரில் பாடுகிறது. நாலு குரல் எப்படிப் பொருந்துகிறது என்பதை வகுப்பில் விளக்குவதைவிட ஒரு மாலை அங்கே உட்கார்ந்து கேட்டால் சீக்கிரம் புரியும்.

தேர்வு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் மாஸ்டரின் வாக்குறுதியே அதில்தான் நிற்கிறது. சென்னையில் முக்கியமாக இரண்டு வாரியங்கள், டிரினிட்டியும் ஏபிஆர்எஸ்எம்மும். இரண்டும் லண்டன், இரண்டிலும் எட்டு கிரேடு, அதற்கு முன்னால் இனிஷியல் என்ற தொடக்க நிலை. ஏபிஆர்எஸ்எம்மின் வழக்கமான செய்முறைத் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண். பீஸ் என்கிற, முன்பே தயார் செய்த மூன்று உருப்படிகளுக்கு 90, ஸ்வரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிக்கும் ஸ்கேலுக்கு 21, பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, காதுச் சோதனைக்கு 18. பாஸ் 100. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று பீஸையும் அப்பழுக்கில்லாமல் வாசித்தாலும் 90தான், பாஸ் ஆகாது. டிரினிட்டியில் 100க்கு 60 பாஸ், மூன்று பீஸுக்கு 66. அங்கேயும் பீஸை மட்டும் நம்பினால் மயிரிழையில்தான் தப்ப முடியும். ஆனால் வருடம் முழுக்க அந்த மூன்று பீஸை மட்டுமே திரும்பத் திரும்ப வாசிக்க வைத்துத் தேர்வுக்கு அனுப்புகிற வகுப்புகள்தான் அதிகம். அப்படி கிரேடு 5 வரை வந்த பிள்ளையிடம் சர்ச் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்து ஒரு பக்கம் வாசி என்றால் வாசிக்கத் தெரியாது. ஏபிஆர்எஸ்எம்மில் 2020-க்குப் பிறகு நாலு பீஸை வீடியோவில் பதிவு செய்து அனுப்பும் வழியும் இருக்கிறது, அதில் பார்த்து வாசிப்பதும் காதுச் சோதனையும் கிடையாது. வசதிதான். எட்டு வயதுக்கு அந்த வழி வேண்டாம் என்பது என் கருத்து. இன்னொன்று, ஏபிஆர்எஸ்எம்மில் கிரேடு 6-க்குப் போக கிரேடு 5 தியரி முடித்திருக்க வேண்டும், டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை.

ஒரு வருடத்தில் மகளை இனிஷியல் எழுத வைக்கலாம், நன்றாகப் போனால் கிரேடு 1. கிரேடு 2 என்று முன்கூட்டியே சொல்பவர் பிள்ளையைப் பார்க்காமல் சொல்கிறார். மகனுக்கு முதல் வருடம் தேர்வே வேண்டாம். சான்றிதழ் பிற்பாடு வந்து சேரும். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரின் அறையில் வகுப்புக்குப் போனவர்தான் இளையராஜா. டிரினிட்டியின் கிடார் தேர்வு அதற்கப்புறம். அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல், 1842-இல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கிய கடை. தேர்வுப் பாடத்திட்டம், புத்தகங்கள், டிஜிட்டல் பியானோ எல்லாவற்றையும் ஒரே நடையில் பார்க்க அங்கே போகலாம். கட்டைகளை அழுத்திப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

கட்டணம் ஏரியாவுக்கு ஏரியா மாறும், தொகை சொல்லிப் பயனில்லை. நிபந்தனைகளைக் கேளுங்கள். மாதத்துக்கு எத்தனை வகுப்பு, ஐந்து வாரம் வரும் மாதத்தில் என்ன, நீங்கள் வராத வகுப்பு போனதுதானா, அவர் வராத வகுப்பை எப்போது ஈடு செய்வார், தேர்வுக் கட்டணம் தனியா, மகனுக்கும் உங்களுக்கும் தேர்வுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பவருக்கு யார் பணம் தருவது. கடைசிக் கேள்வியை யாருமே கேட்பதில்லை, தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் பதறிக்கொண்டு போன் செய்வார்கள். குறைந்தது இரண்டு ஒத்திகையாவது பக்கவாத்தியத்தோடு வேண்டும். ஆறு மாதப் பணத்தை மொத்தமாக முன்பணம் கேட்டால் வேண்டாம், மாதம் மாதம் கொடுங்கள்.

யாரையும் முடிவு செய்வதற்கு முன் ஒரு சோதனை வகுப்புக்குப் பணம் கொடுத்து உட்காருங்கள், இலவச டெமோ எல்லாம் விளம்பரம். அந்த அரை மணியில் யார் அதிக நேரம் வாசித்தது, மாஸ்டரா பிள்ளையா என்று கவனியுங்கள். ஒரே ஒரு தவறையாவது பிடித்து, அது மாறும் வரை பொறுமையாக நின்றாரா? போனைப் பார்த்தாரா? பிள்ளைகளின் வகுப்பு நடக்கும்போது கதவு திறந்தே இருக்கட்டும், நீங்களோ பெரியவர் ஒருவரோ காது கேட்கும் தூரத்தில் இருங்கள். விலா எலும்பைத் தொட்டு மூச்சைச் சொல்லித் தருவது குரல் வகுப்பில் உண்டு, ஆனால் நல்ல ஆசிரியர் கேட்காமல் தொட மாட்டார், உங்கள் கையையே வைத்துப் பார்க்கச் சொல்வார். ஆன்லைன் வகுப்பு பியானோவுக்கு ஓரளவு சரிப்படும், கேமராவைக் கைக்குப் பக்கவாட்டில் வைத்தால் போதும். டிரம்பெட்டின் நீள ஸ்வரத்தை வீடியோ அழைப்புச் செயலிகள் இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும், செட்டிங்கில் அதை அணைக்கத் தெரிய வேண்டும். குரலுக்கு, சத்தம் தாமதமாகப் போய்ச் சேர்வதால் சேர்ந்து பாடவோ பக்கத்தில் வாசிக்கவோ முடியாது. ஊரில் ஆளே இல்லை என்றால்தான் அது.

கடைசியாக ஃபிளாட். பியானோவுக்கு ஹெட்ஃபோன் இருக்கிறது, பிரச்சினை இல்லை. டிரம்பெட்டுக்குப் பிராக்டிஸ் மியூட் என்று ஒன்று கிடைக்கும், வாத்தியத்தின் அகன்ற முனையில் சொருகினால் சத்தம் பெருமளவு குறையும். ஆனால் எப்போதும் அதைப் போட்டே ஊதினால் தள்ளி ஊதும் பழக்கம் வந்துவிடும், வாரத்தில் பாதி நாளாவது திறந்து ஊத வேண்டும். கீழ் வீட்டுக்காரரிடமும் மேல் வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே பேசி, மாலை ஐந்தரையிலிருந்து ஆறுக்குள் ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு மணி வரை மட்டும் பையனைத் தொட விடாதீர்கள், அந்த நேரத்தில்தான் அசோசியேஷன் செயலாளர் தூங்குவார்.